சுல்தான் காலத்து நாணயம் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயக் கண்காட்சிகளில் சுல்தான் காலத்து மேசைப் பக்கம் புதிதாக வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டே இருப்பேன். நான் தொடக்கத்தில் செய்த கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். புளி போட்டுத் தேய்க்காதே, விரலால் அழுத்திப் பிடிக்காதே என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். டெல்லி சுல்தான்களின் நாணயங்களுக்கென்றே சில பொறிகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

துக்ளக்கின் தோல் நாணயம் வாங்குவது

அப்படி ஒன்று கிடையாது. வெள்ளித் தங்காவுக்குப் பதிலாக முகமது பின் துக்ளக் அடித்த அடையாள நாணயம் செம்பும் பித்தளையும்தான்.

பெயரைப் படித்ததும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பது

பணத்தைக் கரைப்பது இந்தத் தவறுதான். இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒருவர் ஆள்கிறார் என்பதற்கு அந்தக் காலத்தில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, மசூதியில் வெள்ளிக்கிழமை குத்பா உரையில் அவர் பெயர் வர வேண்டும். இன்னொன்று, நாணயத்தில் வர வேண்டும். ஆகவே நாணயத்தில் யார் பெயரைப் போடுவது என்பது முழுக்க அரசியல் முடிவு. அதில் செத்துப்போனவர்களுக்கும் இடம் உண்டு, டெல்லியை எட்டிக்கூடப் பார்க்காதவர்களுக்கும் இடம் உண்டு.

1229-ல் டெல்லி சுல்தான் இல்துத்மிஷுக்கு, இஸ்லாமிய உலகின் தலைவராகக் கருதப்பட்ட பாக்தாத் கலீபாவின் அங்கீகாரம் கிடைத்தது. தங்கா என்ற வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் கலீபா பெயர், மறுபக்கம் சுல்தான் பெயர் என்பது பிறகு வழக்கமாகிவிட்டது. பாக்தாதின் கடைசி கலீபா அல்-முஸ்தஅசிமை 1258-ல் மங்கோலியர்கள் கொன்றார்கள். ஆனாலும் 1266-ல் பட்டத்துக்கு வந்த பால்பன் அதே முஸ்தஅசிம் பெயரைத்தான் தங்காவில் போட்டார். 1290-ல் வந்த ஜலாலுதீன் கில்ஜியும் அதையே தொடர்ந்தார். அலாவுதீன் கில்ஜிதான் அதை விட்டுவிட்டு, தன்னை ‘இரண்டாம் சிக்கந்தர்’ என்று அறிவித்துக்கொண்டார். ஆக, கலீபா பெயரைப் பார்த்து ‘1258-க்கு முந்தையது’ என்று அட்டையில் எழுதினால் 38 ஆண்டுகள் வரை பிசகும்.

சரி, மறுபக்கத்தில் சுல்தான் பெயர் இருக்கிறதே, அதைப் படித்துத் தப்பித்துக்கொள்ளலாம். முகமது பின் துக்ளக் அந்த வழியையும் அடைத்துவிட்டார். 1340 வாக்கில் அவர் தன் பெயரை எடுத்துவிட்டு, கெய்ரோவில் இருந்த அப்பாசிய கலீபா அல்-முஸ்தக்ஃபியின் பெயரில் நாணயம் அடிக்க ஆரம்பித்தார். வேடிக்கை என்னவென்றால் முஸ்தக்ஃபி 1340 தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். பிறகும் சில ஆண்டுகள் அவர் பெயரிலேயே நாணயங்கள் வந்தன. அப்புறம்தான் அல்-ஹாகிம் என்ற அடுத்த கலீபாவின் பெயருக்கு மாறினார்கள்.

இந்த வகையில் ஒன்றைத்தான் ஒரு தம்பி வாங்கிக்கொண்டு வந்து பெருமையாகக் காட்டினார். எகிப்து கலீபாவே வெளியிட்டது, வணிகர்கள் வழியாக இங்கே வந்தது என்று விற்றவர் கதை சொல்லியிருக்கிறார். கதைக்கும் சேர்த்துப் பணம் வாங்கிவிட்டார். “அண்ணே, கலீபா பேருதானே இருக்கு, வேற யாரு அடிச்சிருப்பாங்க?” என்றார் தம்பி. விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நின்ற ‘டெல்லி’ என்ற எழுத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றியிருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவரும் பெயரைப் படித்ததோடு நிறுத்தியிருப்பார்.

இதே சுல்தான் இறந்துபோன தன் தந்தை கியாசுதீன் பெயரிலும் நாணயம் அடித்திருக்கிறார். பிரோஸ் ஷா கதை இன்னும் மோசம். அவர் 1388-ல் இறந்தார். பேரன்களும் அமைச்சர்களும் அடித்துக்கொண்ட காலத்தில் அவர் பெயருக்கு இருந்த மதிப்பு வேறு யார் பெயருக்கும் இல்லை. அதனால் அவர் பெயரில் நாணயங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 1414-ல் டெல்லியைப் பிடித்த கிஸ்ர் கான்கூடத் தன் பெயரில் அடிக்காமல் பழைய பெயர்களையே ஓட்டினார். கையில் இருக்கும் ‘பிரோஸ் ஷா நாணயம்’ அவர் போய்ச் சேர்ந்து ஒரு தலைமுறை கழித்து வந்ததாகவும் இருக்கலாம்.

ஆகவே பெயரைப் படித்த பிறகு ஆண்டைத் தேடுங்கள், அக்கசாலைப் பெயரை, அதாவது நாணயம் அடித்த இடத்தின் பெயரைத் தேடுங்கள். இரண்டும் பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும். அச்சு பெரிதாகவும் உலோகத் துண்டு சிறிதாகவும் இருந்ததால் அந்த விளிம்புதான் முதலில் காணாமல் போயிருக்கும். ஆண்டு தெரியாத நாணயத்துக்கு ஆண்டு தெரிந்த நாணயத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

ஹிஜ்ரி ஆண்டோடு 622-ஐக் கூட்டுவது

இந்த நாணயங்களில் இருப்பது இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு. அதற்கு ஏறக்குறைய 354 நாள்தான். 0.97-ஆல் பெருக்கி, அதன் பிறகு 622-ஐக் கூட்டுங்கள். 730 என்றால் 1330 வரும். அது துக்ளக்கின் பித்தளைத் தங்கா காலம். வெறுமனே கூட்டினால் 1352 வரும். அப்போது அவர் உயிரோடு இல்லை.

இலக்கத்தில் ஆண்டு போட்ட நாணயங்களில் இன்னொரு வம்பு உண்டு. அரபு எழுத்தில் 7 என்பது ٧, 8 என்பது ٨. தலைகீழாகப் பிடித்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். 788-ஐத் தலைகீழாகப் பிடித்தால் 778 என்று தெரியும். இரண்டுமே பிரோஸ் ஷாவின் ஆட்சிக்குள் விழுவதால் சந்தேகமே வராது. எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எடை சரியாக இருந்தால் வெள்ளி என்று நம்புவது

முகமது பின் துக்ளக்கின் ‘அத்லி’ வெள்ளி நாணயம் 9 கிராமுக்குச் சற்று மேல். லோதிகளின் பில்லன் தங்காவும் கிட்டத்தட்ட அதே எடைதான். பில்லன் என்பது செம்பில் கொஞ்சம் வெள்ளி கலந்தது. அதை அமிலத்தில் போட்டால் மேலே உள்ள செம்பு கரைந்து வெள்ளை வெளேரென்று வெள்ளிபோல ஆகிவிடும். தராசு இதைக் காட்டிக்கொடுக்காது.

தண்ணீர் காட்டிக்கொடுக்கும். துல்லியமான சிறு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வையுங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியில் படாமல் மூழ்கவிடுங்கள். நல்ல வெள்ளியில் 9 கிராம் நாணயம் என்றால் தராசில் 0.86 கிராம் அளவுக்கு ஏறும். செம்பு மிகுந்த பில்லன் என்றால் 1 கிராமை ஒட்டி ஏறும்.

உலோகச் சோதனையில் தில்லுமுல்லு புதிதும் இல்லை. பிரோஸ் ஷா காலத்தில் ‘ஷஷ்கானி’ நாணயத்தில் வெள்ளி குறைகிறது என்று புகார் வந்தது. சுல்தான் தன் கண் முன்னாலேயே உருக்கிப் பார்க்கச் சொன்னார். உலையில் போடும் கரிக்குள் வெள்ளியை ஒளித்து வைத்துக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். குற்றமற்றவர் என்று அக்கசாலைத் தலைவர் கஜர் ஷாவை யானை மேல் ஏற்றி ஊர்வலமும் விட்டார்கள்.

வெட்டுக்குறி இருந்தால் ஒதுக்குவது

வங்காள சுல்தான்களின் தங்காவில் உளி வெட்டும் முத்திரைக் குத்தும் சகஜம். பணம் மாற்றும் காசுக்காரர்கள் உலோகத்தைச் சோதித்த அடையாளம் அது.

வைகையில் கிடைத்தால் மதுரை சுல்தான் என்று முடிவு செய்வது

மதுரையில் 1335 வாக்கில் ஜலாலுதீன் அஹ்சன் ஷா தனியாட்சி தொடங்கினார். கடைசி சுல்தான் சிக்கந்தர் ஷாவின் நாணயங்கள் ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1378 வரை கிடைக்கின்றன. சிறிய, தடிமனான செம்புக் காசுகள்தான் அதிகம். ஆனால் அரபு எழுத்து இருக்கும் செம்புக் காசெல்லாம் இவர்களுடையது ஆகிவிடாது. ஆற்காடு நவாபுகளின் ‘வாலாஜா’ காசுகள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நம் பக்கத்தில் அவையே தாராளமாகக் கிடைக்கின்றன. நானூறு ஆண்டு இடைவெளிக்கு விலை கொடுக்கும் முன் எழுத்து தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

புதையலை மறைப்பது

மண்ணில் புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதும் கூடாது. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள்.