எண்பது சதவீதப் புரதமும் காலிப் பையும்: கெண்டைக்கு இரை உருட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி பாதியில் கைவிட்ட வே புரோட்டீன் டப்பா ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. மேலே 80 சதவீதம் புரதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கெண்டைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று மைதாவோடு சரிபாதி கலந்து பிசைந்து, முள்ளில் செருகி ஏரியில் எறிந்தேன். கால் மணி நேரம் கழித்து இழுத்தால் முள் மட்டும் பளபளவென்று வந்தது. மறுபடி செருகினேன், மறுபடியும் அதே கதை. பக்கத்தில் மண்புழு போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் அதற்குள் இரண்டு மீனைக் கரையேற்றிவிட்டு, "மாவு கரையுது தம்பி. ஜிலேபிக்குத்தான் சோறு போட்டுட்டு இருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னது பாதிதான். அந்த ஒரு உருண்டையில் நான் செய்த தவறுகள் நாலைந்து இருக்கும். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். டப்பாவில் இருந்த எண்ணை நம்பினேன், அதைத் தின்னப்போகும் மீனின் வயிற்றை நினைக்கவில்லை. சொல்லப்போனால் கெண்டைக்கு வயிறே கிடையாது. அதற்குப் பிறகு வருவோம்.

இங்கே கெண்டை என்று நான் சொல்வது சாதாக் கெண்டையை. 1939இல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவந்து விட்டார்களே, அந்த இனம். பெயரில் கெண்டை ஒட்டிக்கொண்டிருக்கும் ஜிலேபி வேறு குடும்பம், அதன் குடலும் வேறு மாதிரி. ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் இதற்கு உறவுதான் என்பதால் கீழே வருவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

சதவீதத்தைப் பார்த்து மயங்குவது

தீவன மூட்டையில் போட்டிருக்கும் புரத அளவைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கிப் போடுவார்கள். அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கணக்குக்குத் தெரியாது. 2008இல் சீனாவில் பால் பவுடரில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையில்தான் புகுந்தார்கள். நம் ஊர் மலிவான மீன்தூளில் யூரியா கலந்தாலும் கணக்கில் புரதம் கூடியதாகத்தான் காட்டும்.

கலப்படமே இல்லாவிட்டாலும் எண் ஏமாற்றும். கோழி இறகைப் பொடித்தால் 80 சதவீதத்துக்கு மேல் புரதம். ஆனால் அது நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின். தக்க முறையில் பதப்படுத்தாமல் கொடுத்தால் குடல் வழியாகப் போனபடியே வெளியே வந்துவிடும். ஜெலட்டின் ஏறக்குறைய முழுக்கப் புரதம், நன்றாகவே செரிக்கும், ஆனால் அதில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் துளிகூட இல்லை.

ஒரே சரக்கை நம்புவது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். புரதம் என்பது ஒரே பொருள் அல்ல, பல அமினோ அமிலங்கள் கோத்த சரம். அவற்றில் பத்தைக் கெண்டையால் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது, தின்னும் இரையிலிருந்துதான் வர வேண்டும். கதம்பம் கட்டும் அம்மாவைப் பாருங்கள். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று வரிசை மாறாமல் கட்டிக்கொண்டே போவார். மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால் கூடை நிறைய மல்லி இருந்தும் அந்தச் சரம் அங்கேயே நிற்கும். மிச்ச மல்லி வீண். மீன் உடம்பில் வீணாகும் அமினோ அமிலத்தை அது உடைத்து எரித்து, நைட்ரஜனை அமோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடும்.

கெண்டைக்கு இப்படி முதலில் தீர்ந்துபோகும் பூக்கள் இரண்டு: லைசின், மெத்தியோனின். அது தின்னும் புரதத்தில் 100 கிராமுக்கு 5.7 கிராம் லைசின் தேவை என்பது மீன் ஊட்டச்சத்து நூல்களில் வரும் கணக்கு. கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் அது சுமார் 3.5 கிராம்தான். மைதா அதைவிட மோசம். ஆக, கடலைப் புண்ணாக்கும் மைதாவும் மட்டும் சேர்த்துப் பிசையும் நம் வழக்கமான உருண்டையில் புரதம் எவ்வளவு இருந்தாலும் அதில் ஒரு பெரும் பகுதி மீனின் சதையாக மாறாது.

இதற்கு மாற்று விலை உயர்ந்த பவுடர் இல்லை. நம் பாட்டிமார் எந்த நூலும் படிக்காமல் அரிசியோடு உளுந்தைச் சேர்த்து இட்லி வார்த்தார்களே, அதே வேலைதான். தானியத்தில் குறையும் லைசின் பருப்பில் தாராளம், பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் உண்டு. மைதாவோடு பொட்டுக்கடலை மாவு சேர்த்தால் லைசின் ஏறும். மெத்தியோனினுக்கு எள்ளுப் புண்ணாக்கு. மீன்தூளும் முட்டையும் இரண்டையும் சேர்த்தே தரும். கேசீன் என்ற பால் புரதத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுபவர்கள் உண்டு. உயர்ந்த சரக்குதான், ஆனால் அதில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சற்றுக் குறைவு. அதனால்தான் மீன்களுக்கான ஆய்வுத் தீவனங்களில் கேசீனோடு ஜெலட்டினைச் சேர்ப்பார்கள். தனியே நின்றால் ஒன்றுக்கும் உதவாத ஜெலட்டின் அங்கே ஓட்டையை அடைக்கிறது.

இல்லாத வயிற்றுக்குச் சமைப்பது

கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. அங்கே நசுக்கியதை நேராகக் குடலுக்கு அனுப்பிவிடும். நடுவில் இரைப்பை என்று ஒன்று இல்லை. அமிலம் இல்லை, இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியும் இல்லை. புரதத்தை உடைக்கும் வேலை முழுவதும் கணையத்தில் சுரந்து குடலுக்கு வரும் டிரிப்சின், கைமோடிரிப்சின் போன்ற நொதிகளின் தலையில்தான்.

பச்சைச் சோயா மாவைப் போட்டுப் பிசைபவர்கள் இதை யோசிப்பதில்லை. சோயாவில் டிரிப்சினைக் கட்டிப்போடும் பொருள் இருக்கிறது. வேறு வழியே இல்லாத மீனுக்கு அந்த ஒரே ஆளையும் கட்டிப்போட்டால் என்னாவது? உருண்டை பிடித்த பிறகு இரண்டு நிமிடம் வேகவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், அந்தச் சூடு உருண்டையின் நடுவுக்குப் போய்ச் சேரவே நேரம் பத்தாது. சோயாவை முதலிலேயே நன்றாக வேகவைத்து, காயவைத்து அரைக்க வேண்டும். அவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் மளிகைக் கடையில் மீல்மேக்கர் வாங்கி மிக்ஸியில் பொடியுங்கள். தயாரிக்கும்போதே உயர்ந்த வெப்பத்தில் அழுத்திப் பிழிந்த பொருள் அது, ஏறக்குறைய 50 சதவீதம் புரதம். முட்டையின் பச்சை வெள்ளைக்கருவிலும் இதே மாதிரி தடைப்பொருள் உண்டு, கூடவே பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைக்கும் அவிடினும் உண்டு. முட்டை போட்ட மாவு வேக வேண்டும் என்பதற்குக் கெட்டியாவது மட்டும் காரணமில்லை.

எதிர்ப்பக்கம் போய் விழுபவர்களும் உண்டு. நான் ஒரு காலத்தில் உருண்டைகளைத் தோசைக்கல்லில் போட்டுப் பொன்னிறமாக, இல்லை, கருஞ்சிவப்பாகவே வறுத்தேன். கல்லு மாதிரி ஆனது, சின்ன மீன் கொத்தவில்லை, வாசனையும் பிரமாதம். அந்தச் சிவப்பு நிறமும் வாசனையும் வருவது மாவிலிருக்கும் சர்க்கரை லைசினோடு போய் ஒட்டிக்கொள்வதால். அப்படி ஒட்டிய லைசின் மீனுக்குக் கிடைக்காது. ஏற்கெனவே பற்றாக்குறையாக இருந்ததை நானே கருக்கிவிட்டேன். வெல்லம் சேர்த்த மாவென்றால் இது இன்னும் வேகமாக நடக்கும். கொதிநீரில் 15 மில்லிமீட்டர் உருண்டையை ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, துணியில் பரப்பி நிழலில் காயவிட்டால் போதும்.

எல்லா இடத்திலும் சத்தைத் தேடுவது

வேகவைத்த உருண்டை, அதாவது பாய்லி, இங்கிலாந்துக்காரர்களின் சரக்கு. 1970களில் ஃப்ரெட் வில்டன் என்ற தூண்டில்காரர் ஒரு கொள்கை சொன்னார். கெண்டையின் உடல் தேவையை நிறைவாகத் தீர்க்கும் இரையைத் தொடர்ந்து போட்டால், நாளடைவில் மீன் அதை அடையாளம் கண்டு மற்றதை விட்டுவிட்டு இதைத் தேடி வரும் என்பதுதான் அது. பால் புரதமும் முட்டையும் சேர்த்து உருட்டி, சின்ன மீன்கள் கொத்திக் கரைக்காமலிருக்க வேகவைத்து மேலே தோல் உண்டாக்கினார்கள். இன்று உலகம் முழுக்க விற்கும் கெண்டை இரைகளின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கொள்கையில் பலர் காதில் போட்டுக்கொள்ளாத சொல் 'தொடர்ந்து'. அதே நாட்டில் 1952இல் ரிச்சர்ட் வாக்கர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்து நாட்டுச் சாதனை படைத்தது ரொட்டியை வைத்து. 1980இல் அதே குளத்தில் கிறிஸ் யேட்ஸ் 51 பவுண்டுக்கு மேல் பிடித்தது சோள மணியில். ரொட்டியிலும் சோளத்திலும் லைசின் எவ்வளவு என்று அந்த மீன்கள் கேட்கவில்லை.

என் கணிப்பு இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போய்விட்டு வருபவருக்கு அமினோ அமிலக் கணக்கு தேவையில்லை. மண்புழுவோ மைதாவோ போதும், அந்தப் பெரியவரைப் போல. ஒரே நீரில், அனுமதியோடு, வாரக்கணக்கில் ஒரே இரையைப் போட்டுப் பழக்குபவருக்குத்தான் சத்தின் தரம் வேலை செய்யும். மாதம் ஒரு முறை போய்விட்டு 'உயர்புரத இரையும் பலிக்கவில்லை' என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை.

கூடக் கூட நல்லது என்று எண்ணுவது

வளரும் கெண்டைக்கான தீவனத்தில் 30 முதல் 38 சதவீதம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 60, 70 என்று ஏற்றுவதால் மீனுக்கு லாபமில்லை, மிச்சம் எரிபொருளாகத்தான் போகும். கெண்டை மாவுச்சத்தை நன்றாகவே செரிக்கும், எரிபொருளுக்கு மலிவான ரவை இருக்கிறது. மீன் தின்னாமல் விட்ட புரதம் அடியில் கிடந்து அழுகினால் சின்னக் குளத்துக்கு அது நஞ்சு. கை நிறைய வாரி இறைப்பதும் ஒரு தவறுதான்.

கொழுப்பில் இன்னும் கவனம் வேண்டும். ஓசூர், தருமபுரிப் பக்கத்து நண்பர்கள் பட்டுக்கூட்டிலிருந்து எடுத்த கூட்டுப்புழுவைப் பொடித்துப் போடுவார்கள். அருமையான புரதம், ஆனால் எண்ணெய் அதிகம், சீக்கிரம் சிக்கு நாற்றம் அடிக்கும். ஜப்பானியக் கெண்டைப் பண்ணைகளில் முன்பு கூட்டுப்புழுவைத்தான் தீவனமாகப் போட்டார்கள். சிக்கான எண்ணெய் உள்ளே போய் மீன்களின் முதுகுச் சதை வற்றி எலும்பு தெரியும் நோய் வந்தது. செகோகே என்று அதற்குப் பெயரே உண்டு. வைட்டமின் ஈ கொடுத்ததும் தடுக்க முடிந்தது. எனவே கூட்டுப்புழு, மீன்தூள், தவிடு எதுவானாலும் புதிதாக இருக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் மாட்டுக்கும் வேண்டாம், மீனுக்கும் வேண்டாம். அந்தப் பூஞ்சை விடும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு கொதிநீருக்கெல்லாம் அசையாது.

சத்து இருந்தும் சேதி போகாத உருண்டை

கேசீன் தண்ணீரில் கரையாது. கரையாத புரதத்துக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. மீன் முகர்வதும் சுவைப்பதும் தண்ணீரில் கரைந்து வரும் சின்னத் துகள்களை, குறிப்பாகத் தனியாகப் பிரிந்து நிற்கும் அமினோ அமிலங்களை. நெத்திலிக் கருவாட்டுப் பொடி போட்டால் கெண்டை சுற்றி வருவதற்கு இதுதான் காரணம், காய்ந்த மீனில் புரதம் கொஞ்சம் ஏற்கெனவே உடைந்திருக்கும். (கருவாட்டை ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு, காயவைத்துப் பொடியுங்கள்.) மாறாக என் வே பவுடர் முழுக்கக் கரைந்தது, சேதி போனது, ஆனால் தின்ன எதுவும் மிஞ்சவில்லை. எசென்ஸ் பாட்டிலைக் கவிழ்ப்பது இதற்குப் பதில் ஆகாது, அரை மூடி போதும்.

இப்போது நான் பிசைவது இப்படி: கருவாட்டுப் பொடியோ நல்ல மீன்தூளோ 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 100, ரவை 100, மைதா 50, எள்ளுப் புண்ணாக்குத் தூள் 50. புரதம் மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 116 கிராம். நாலு முட்டை அடித்து ஊற்றினால் இன்னும் 24. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் 34 சதவீதம் பக்கம் வரும். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வைத்தால் ரவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உருட்டும்போது விரிசல் விழாது.

வேகவைத்துக் காய்ந்ததும் ஒன்றை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி வைத்துவிடுவேன். காலையில் உருண்டை முழுதாக இருக்க வேண்டும், லேசாக உப்பியிருக்க வேண்டும், தண்ணீர் கஞ்சித் தெளிவு மாதிரி மங்கியிருக்க வேண்டும். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தால் மைதாவைக் குறைத்துக் கருவாட்டைக் கூட்டுவேன். அடியில் சேறாகக் கிடந்தால் இன்னொரு முட்டை. டம்ளரை யார் கண்ணிலும் படாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை அது ஃபில்டர் காபி டம்ளர்களோடு போய் நின்றுவிட்டது.