பாலாற்று மணலில் ஆற்காட்டு முற்றுகை: ஆக்டிவ் டிஃபென்ஸ் சொல்லிக்கொடுக்கும் முறை

சி.டி.எஸ்., எஸ்.எஸ்.பி. என்று ராணுவ அதிகாரித் தேர்வுகளுக்குத் தயாராகும் பசங்களிடம் ஆக்டிவ் டிஃபென்ஸ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒரு இடத்தை எதிரிக்கு விடாமல் காக்க, அளவான தாக்குதலும் எதிர்த்தாக்குதலும் நடத்துவது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அமெரிக்க ராணுவ அகராதி சொல்வதும் ஏறக்குறைய அதேதான். "அளவான என்றால் எவ்வளவு தம்பி? யாரை அனுப்புவே? எப்போ திருப்பிக் கூப்பிடுவே?" என்று அடுத்துக் கேட்டால் முழிப்பார்கள். கரும்பலகையில் இது விளங்காது. பட்டாளத்தில் எங்களுக்குக் காட்டிய மாதிரி சேண்ட் மாடல், அதாவது போர்க்களத்தை மணலில் சின்னதாகச் செய்த மாதிரி, போட்டால்தான் உண்டு. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் வகுப்பு எடுப்பவர்களுக்கு உதாரணம் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை. 1751-ல் கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரி ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துக் காத்த கதையே போதும்.

பசங்களை ஆற்காடு டெல்லி கேட்டுக்கு வரச்சொல்லுங்கள். கோட்டையில் பெரும்பகுதி போய்விட்டது, அந்த வாசல் நிற்கிறது. பார்த்துவிட்டு அப்படியே பாலாற்றில் இறங்கலாம். லாரிக்காரர்கள் மிச்சம் வைத்த மணல் ஒரு மாடலுக்குப் போதும். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும், காய்ந்த மணலில் சுவர் நிற்காது.

தேவையானது: பதினாறு அடிக் கயிறு, ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, ஒரு கைப்பிடி கொள்ளு, கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு குடம் தண்ணீர். மல்லாட்டை (வேர்க்கடலை) கொண்டுவராதீர்கள், பாதி முற்றுகையில் எதிரிப்படையைத் தின்றுவிடுவார்கள்.

கயிற்றை வட்டமாகப் போட்டு அதன்மேல் மணல் சுவர் எழுப்புங்கள். அசல் கோட்டையின் சுற்றளவு ஒரு மைலுக்குமேல், ஆகவே ஒரு அடி ஏறக்குறைய நூறு மீட்டர். சுவரை அழகாகக் கட்டும் பையனைத் தடுத்து, அங்கங்கே சரித்துவிடுங்கள். கிளைவ் கைக்கு வந்தபோது மதில் இடிந்திருந்தது, அகழியிலும் சில இடங்களில் இறங்கி நடக்கலாம். தெற்கே பத்தடி தள்ளி ஒரு கல் வையுங்கள். அது திருச்சி. நவாப் பட்டத்துக்கு இருவர் போட்டி: அங்கே ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியை, பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப் முற்றுகையிட்டிருக்கிறார். ஆற்காட்டைப் பிடித்ததே அந்தக் கல்லுக்காகத்தான், சந்தா சாகிபின் படையை அங்கிருந்து இழுக்கத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதற்காகக் காக்கிறோம் என்று தெரியாதவனுக்கு எப்போது அடிக்கவேண்டும் என்பதும் தெரியாது.

ஒரு புளியங்கொட்டை பத்து ஆள். கிளைவ் கொண்டுவந்தது 200 ஐரோப்பியர், 300 சிப்பாய். ஐம்பது கொட்டை. கோட்டையிலிருந்த சந்தா சாகிபின் படை சண்டையில்லாமல் வெளியேறித் திமிரிப் பக்கம் போய்த் தங்கியது. இங்கே நிறுத்தி, "இப்போ நீ என்ன செய்வே?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சுவரைப் பழுது பார்ப்பேன் என்பான். கிளைவ் அதையும் பார்த்தார். கூடவே திமிரிக்குப் படையோடு போய்ச் சீண்டினார். அந்தக் கூட்டம் பெருகி மூன்று மைலுக்குள் வந்து முகாம் போட்டதும், செப்டம்பர் 14 நள்ளிரவுக்குப் பின் உள்ளே புகுந்து கலைத்தார். முற்றுகை இன்னும் தொடங்கவேயில்லை.

அடுத்த கட்டத்தில்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும். திருச்சியிலிருந்து சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் வருகிறார். 4000 பேர் அங்கிருந்து பிரிந்து வந்தவர்கள், மற்றவர்களோடு சேர்ந்து சுமார் பத்தாயிரம். கொள்ளும் ஒன்றுக்குப் பத்து ஆள் கணக்குதான், ஆயிரம் கொள்ளைச் சுற்றிலும் தூவுங்கள். காவலுக்குச் சண்டை போடத் தகுந்தவர்கள் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும். பையன் கையில் 32 கொட்டை கொடுத்து "நிறுத்து" என்று மட்டும் சொல்லுங்கள்.

அவன் மதில் முழுக்க அடுக்குவான். பதினாறு அடிக்கு 32, அரையடிக்கு ஒன்று, அதாவது ஐம்பது மீட்டருக்குப் பத்துப் பேர். பார்க்க ஒழுங்காக இருக்கும். இப்போது வடமேற்கில் விரலால் சுவரை இடித்துவிட்டு, இந்த ஓட்டையை அடைக்க யார் வருவார் என்று கேளுங்கள். கையில் ஒன்றும் இருக்காது. ஓரிடத்திலிருந்து எடுத்தால் அந்த இடம் காலி. மஞ்சள்தூளை எடுக்கும் நேரம் இது. ஆறு கொட்டையில் பூசி நடுவில் வைக்கச் சொல்லுங்கள், அதுதான் ரிசர்வ், தேவைப்படும் இடத்துக்கு அனுப்பக் கையிருப்பில் வைக்கும் படை. (ஆறு என்பது என் கணக்கு, பாடத்துக்காக.) மதில் இன்னும் மெலியும், பசங்க முகம் சுளிப்பார்கள், வாக்குவாதம் வரும். வரட்டும். அந்த மஞ்சள் கொட்டையை எப்போது நகர்த்துவது என்ற முடிவில்தான் ஆக்டிவ் டிஃபென்ஸ் இருக்கிறது, மிச்சமெல்லாம் கொத்தனார் வேலை.

அதன் விலையையும் காட்டுங்கள். செப்டம்பர் 24 அன்று கிளைவ் வெளியே பாய்ந்து தெருவில் சண்டை போட்டார். ஒரு சிப்பாய் அவரைக் குறிபார்க்க, லெப்டினன்ட் டிரென்வித் அவரை இழுத்துத் தள்ளிவிட்டுத் தான் குண்டு வாங்கிச் செத்தார். நல்ல வீரர்கள் பலர் போனார்கள், பெரிய லாபம் இல்லை. மஞ்சள் கொட்டையில் இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே போய் அடிப்பதெல்லாம் சாமர்த்தியம் என்று நினைக்கும் பையனுக்கு இது உறைக்கும். எட்டுகிற தூரத்துக்கு மட்டும் அடி, திரும்பி வரும் வழியை முதலில் பார்.

ஐம்பது நாள் முற்றுகையை வேகமாக ஓட்டலாம். நவம்பர் 14 வந்தபோது மிச்சம் 80 ஐரோப்பியர், 120 சிப்பாய், அதாவது இருபது கொட்டை. இடிந்த இடங்களுக்குப் பின்னால் அதற்குள் உள்பள்ளம் வெட்டித் தயாராக வைத்திருந்தார்கள். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகள் குண்டடிபட்டுத் தம் ஆட்களையே மிதித்துத் திரும்பின. தென்மேற்கு அகழியில் தெப்பம் ஏறி வந்தவர்களைக் கிளைவே பீரங்கியைப் பிடித்துச் சுட்டார். அன்றிரவே முற்றுகை கலைந்தது. கும்பினிப் படை அதோடு கோட்டைக்குள் உட்காரவில்லை. துரத்திப் போய் ஆரணியில் அடித்தது, 1752 தொடக்கத்தில் காவேரிப்பாக்கத்திலும்.

மாடலைக் கலைக்குமுன் குடத்துத் தண்ணீரை ஒரு ஓரம் ஊற்றி, லாடம் போல வளைந்த வரிசை ஒன்று போடுங்கள். இது 1965 செப்டம்பர், பஞ்சாபில் அசல் உத்தர். நம் 4-வது மலைப் படைப்பிரிவு பின்வாங்கி இந்த வளைவில் பதுங்கியது. வயல்களில் தண்ணீர் பாய்ச்சிப் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளைச் சேற்றில் இழுத்தது. ஜீப்பில் பொருத்திய ரீகாய்லெஸ் (பின்னுதைப்பு இல்லாத) டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியால் அப்துல் ஹமீது டாங்கிகளை உடைத்து வீரமரணம் அடைந்தார், பரம்வீர் சக்கரம் பெற்றார். ஆனால் பாகிஸ்தான் பிடித்திருந்த கேம்கரண் ஊரைத் திரும்பப் பிடிக்கும் முயற்சி பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாடப் பேச்சில் அதை விட்டுவிடுகிறார்கள்.

கட்டுரைக் கேள்விக்கு இரண்டு விஷயம் போதும். 1976-ல் ஜெனரல் டிப்யூ காலத்து அமெரிக்கப் போர்க் கையேடு இந்தப் பெயரையே கொள்கையாக்கியது. 1973 அரபு-இஸ்ரேல் போரைப் பார்த்து எழுதியது. அதில் தனி ரிசர்வ் குறைவு, உடைகிற இடத்துக்குப் பக்கத்துப் படைகளை நகர்த்துவதே வழி. அவர்கள் ராணுவத்திலேயே எதிர்ப்புக் கிளம்பி, 1982-ல் மாற்றிவிட்டார்கள். என் ஓட்டும் எதிர்த்தவர்களுக்குத்தான். இன்னொன்று சீனா. மாவோ காலத்திலிருந்து இது அவர்கள் அதிகாரபூர்வக் கொள்கை, 2015 வெள்ளை அறிக்கையிலும் உண்டு. 1962-ல் நம்மேல் படையெடுத்ததையும் அவர்கள் "தற்காப்பு எதிர்த்தாக்குதல்" என்றே எழுதுகிறார்கள். ஆகவே முதல் அடி யாருடையது என்று பையன் கேட்கப் பழகவேண்டும்.

வீட்டுப்பாடமாக வேலூர்க் கோட்டையைக் கொடுங்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் கும்பினிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களிடம் அகழி, கருங்கல் மதில், பீரங்கி எல்லாம் இருந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கில அதிகாரி கில்லெஸ்பி காலையிலேயே வாசலைத் தகர்த்து உள்ளே புகுந்துவிட்டார். 32 மஞ்சள் பூசாத கொட்டையும் ஆறு மஞ்சள் கொட்டையும் கொடுத்து, நீ அந்தச் சிப்பாய்கள் பக்கம் இருந்தால் ஆற்காட்டுச் சாலையில் எதை எங்கே வைத்திருப்பாய் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிவரச் சொல்லுங்கள். படம் கட்டாயம் போடவேண்டும்.