கிட்டார், பேஸுக்கு மாடலிங் ப்ராசஸர்: பெட்டியைப் பிரித்ததும் என்ன செய்வது?

மாடலிங் ப்ராசஸர், அதாவது ஆம்பையும் எஃபெக்ட் பெடல்களையும் ஒரே பெட்டியில் போலச் செய்யும் மல்டி எஃபெக்ட்ஸ் கருவி வாங்கியவர்களில் பலர் இரண்டாவது வாரமே அதை விற்கக் கிளம்பிவிடுகிறார்கள். "சவுண்ட் செயற்கையா இருக்கு, ஒரே சரசரப்பு" என்பதுதான் வழக்கமான புகார். பெரும்பாலும் கருவி மேல் தப்பு இருக்காது. சவுண்ட் வெளியே எங்கே போகிறது, ஹெட்ஃபோனுக்கா, ஆம்புக்கா, மிக்ஸருக்கா என்று கருவிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தப் பதிவில் அந்த ஒரு விஷயத்துக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவை அதன் பின்னால் வரும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உங்கள் கிட்டாரின் சிக்னலைக் கருவி எண்களாக மாற்றுகிறது. ஒரு ஆம்பின் வால்வும் டோன் கன்ட்ரோலும் அந்த சிக்னலை என்ன செய்யுமோ, அதைக் கணக்காகப் போடுகிறது. பிறகு ஸ்பீக்கர் கேபினெட், அதன் முன் வைத்த மைக், இரண்டின் குணத்தையும் சேர்த்து மறுபடி மின் சிக்னலாக வெளியே அனுப்புகிறது. 1998இல் லைன் 6 நிறுவனம் அவரை விதை வடிவச் சிவப்புப் பெட்டியாக 'பாட்' என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் இது வீட்டில் வாசிப்பவர்களிடம் பரவியது. 2006இல் ஃபிராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் கெம்பர் ப்ரொஃபைலர் என்று அது மேடைக்கும் ஸ்டூடியோவுக்கும் ஏறியது. இன்று பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர் போன்ற சின்னக் கருவிகளிலும் அடிப்படை இதேதான். பேஸ் வாசிப்பவர்களுக்கு இவற்றிலேயே ஜிடி-1பி, பி1 ஃபோர் என்று தனி வடிவங்கள் உண்டு.

படி 1: கரண்ட், கேபிள்

பெரும்பாலான சிறிய கருவிகளுக்கு 9 வோல்ட் டிசி, அதுவும் நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் கீபோர்ட் அடாப்டரின் பின் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். யமஹா கீபோர்டுகள் பலவற்றின் அடாப்டர் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். வோல்ட் சரியாக இருந்தாலும் ஆம்பியரையும் பாருங்கள். லைன் 6இன் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் 9 வோல்ட் கருவிதான், ஆனால் அதனுடன் வரும் அடாப்டர் 3 ஆம்பியர் கொடுக்கும். சாதாரண பெடல் அடாப்டர் அதைத் தாங்காது. கருவி கேட்பதை விட அடாப்டரின் ஆம்பியர் அதிகமாக இருக்கலாம், குறைவாகத்தான் இருக்கக் கூடாது.

கிட்டாரிலிருந்து கருவிக்குச் சாதாரண கிட்டார் கேபிள் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆம்பின் பின்னால் 'ஸ்பீக்கர்' என்று எழுதிய ஜாக்கிலிருந்து ப்ராசஸருக்குக் கேபிள் போடவே கூடாது. அதில் வருவது ஸ்பீக்கரை ஓட்டும் பவர். கருவி போய்விடும், வால்வ் ஆம்பாக இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

அப்புறம், ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். கம்பியைத் தட்டிச் சற்று நேரம் கழித்துத்தான் சத்தம் காதுக்கு வரும், தாளத்தோடு வாசிக்கவே முடியாது. கருவிக்குள் கணக்குப் போடவும் கொஞ்சம் நேரம் ஆகத்தான் செய்யும், ஆனால் அது சில மில்லிசெகண்ட்தான். ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் உங்களிடம் வரவே சுமார் 9 மில்லிசெகண்ட் ஆகிறது, அதை யாரும் குறை சொல்வதில்லை.

படி 2: சவுண்ட் எங்கே போகிறது?

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் இல்லை. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது வேகமாக அடங்கிவிடும். டிஸ்டார்ஷனில் (சிக்னலை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) பிறக்கும் முரட்டு உச்ச ஒலியை அதுவே வடிகட்டிவிடுகிறது. ஹெட்ஃபோனும் மிக்ஸரில் போட்ட பெரிய ஸ்பீக்கரும் அப்படியில்லை, 15,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் எல்லாவற்றையும் கேட்க வைக்கும். கேபினெட் மாடல் இல்லாமல் ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தச் சரசரப்பு முழுதாக வரும். கேபினெட் மாடலைப் போட்டுவிட்டு அதே சிக்னலை நிஜ கிட்டார் ஆம்புக்குள் விட்டாலோ, இரண்டு கேபினெட் ஒன்றன் மேல் ஒன்றாகி சவுண்ட் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மேலே சொன்ன புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஆகவே மெனுவில் முதலில் தேட வேண்டியது அவுட்புட் செலக்ட் என்ற அமைப்பு. ஜிடி-1 போன்ற பாஸ் கருவிகளில் லைன்/ஃபோன்ஸ், காம்போ ஆம்ப், ஸ்டாக் ஆம்ப், ஜேசி-120, ரிட்டர்ன் என்றெல்லாம் வரும். வேறு கருவிகளில் இது கேப் ஆன்/ஆஃப் என்று மட்டும் இருக்கலாம். எதை எப்போது போடுவது என்றால்:

ஹெட்ஃபோன், மிக்ஸர், ஸ்டூடியோ மானிட்டர், கம்ப்யூட்டர் என்றால் லைன்/ஃபோன்ஸ். ஆம்ப் மாடல், கேபினெட் மாடல் இரண்டும் ஓடட்டும்.

கிட்டார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகினால் கேபினெட் மாடல் ஆஃப். ஆம்ப் மாடலையும் எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த ஆம்புக்கே சொந்தமாக ஒரு ப்ரீஆம்ப் (சிக்னலின் டோனை முதலில் உருவாக்கும் பகுதி) இருக்கிறது. இரண்டு ப்ரீஆம்ப் அடுத்தடுத்து வந்தால் மிட் (நடு ஒலிகள்) எல்லாம் குழம்பிவிடும். கருவியை வெறும் பெடல் வரிசையாக, அதாவது ட்ரைவ் (கரகரப்பு), டிலே (எதிரொலி), கோரஸ் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பை க்ளீனாக வையுங்கள். ஆம்ப் ரோலண்ட் ஜேசி-120 என்றால் (1975 முதல் வரும் மாடல், வாடகை ஆம்ப்களில் அடிக்கடி கண்ணில் படும்) அதன் க்ளீன் மிகச் சுத்தமானது, ஆம்ப் மாடலைப் போட்டுப் பார்த்தாலும் ஓரளவு தாங்கும்.

ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் ஜாக் இருந்தால் எனக்கு அதுதான் பிடித்த வழி. ஆம்பின் ப்ரீஆம்பைத் தாண்டி நேராகப் பவர் பகுதிக்குள் போகிறோம். ஆம்ப் மாடல் ஆன், கேபினெட் மாடல் ஆஃப். முதல் தடவை வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்துத் தொடங்குங்கள், பல ஆம்ப்களில் முன்னாலிருக்கும் வால்யூம் இந்த வழியில் வேலை செய்யாது.

படி 3: உள்ளே வரும் சிக்னல்

கம்பெனி போட்டுக் கொடுத்த ப்ரீசெட்கள் கடையில் வாங்குபவரை மயக்கத்தான். ஒரு காலி பேட்சை (ஆம்ப், எஃபெக்ட் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) திறந்து எல்லா எஃபெக்டையும் ஆஃப் செய்யுங்கள். கிட்டார் வால்யூமை முழுதாக வைத்து, உங்களால் முடிந்த அளவு பலமாக ஒரு கார்ட் அடியுங்கள். இன்புட் மீட்டரில் சிவப்பு எரிந்தால் இன்புட் லெவலைக் குறையுங்கள். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ்களில் இது அடிக்கடி நடக்கும். இந்த இடத்தில் கிழிந்த சிக்னலைப் பின்னால் எந்த நாபும் சரிசெய்யாது.

இப்போது வாசிக்காமல் சும்மா நின்று கேளுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 'ஊம்' கேட்கும். உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் அது குறையும். எல்இடி விளக்கு, போன் சார்ஜர், கம்ப்யூட்டர் ஸ்கிரீன் பக்கத்தில் உட்கார்ந்தால் கூடும். மிச்சத்துக்கு நாய்ஸ் கேட். கம்பியை விட்டதும் இரைச்சல் அடங்க வேண்டும், ஆனால் நீண்ட நோட்டின் வால் அறுபடக் கூடாது. த்ரெஷோல்டை (கேட் மூடும் அளவை) அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

படி 4: ஒரு பேட்ச் கட்டுவோம்

வரிசை இப்படி இருக்கட்டும்: வா-வா பெடல், கம்ப்ரஸர் (சத்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வது), ட்ரைவ், ஆம்ப், கேபினெட், கோரஸ், டிலே, ரிவெர்ப் (அறை முழக்கம்). இதை மாற்றவே கூடாது என்றில்லை. தொடங்க இது போதும்.

ஆம்பையும் கேபினெட்டையும் மட்டும் ஆன் செய்யுங்கள். ஃபெண்டர் ட்வின் வகை க்ளீன் ஆம்ப் ஒன்றை எடுத்து பேஸ், மிட், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, கெயினை மெதுவாக ஏற்றுங்கள். மெல்ல வருடினால் சுத்தமாகவும், பலமாக அடித்தால் ஓரம் லேசாகக் கரகரப்பாகவும் ஒலிக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். கை அழுத்தத்துக்கேற்ப சவுண்ட் மாறுகிறதா என்பதுதான் மாடல் நல்லதா என்று பார்க்கும் சோதனை. ராக் வேண்டுமானால் மார்ஷல் ஜேசிஎம்800 வகையை எடுங்கள். கெயினை வேண்டும் என்று தோன்றும் அளவுக்குக் கொஞ்சம் கீழேயே விடுங்கள். தனியாக வாசிக்கும்போது போதாது போலிருக்கும், ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் சரியாகிவிடும். அதிகக் கெயின் போட்டால் ஒரே கூச்சலாகி, என்ன கார்ட் என்றே தெரியாது.

கேபினெட்டுக்கு வந்தால் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். மைக் எங்கே இருக்கிறது என்பது ட்ரெபிள் நாபை விட அதிகமாக சவுண்டை மாற்றும். ஷூர் எஸ்எம்57 மைக் மாடலை எடுத்து ஸ்பீக்கரின் நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் கனம். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் கை நிற்கும். ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்பு ஏற்றும் வசதி இருந்தால், அது நிஜக் கேபினெட்டை மைக் வைத்து அளந்த பதிவு என்று புரிந்துகொள்ளுங்கள். 500 ஐஆர் இறக்கி வைத்து அலைய வேண்டாம், இரண்டு மூன்று போதும். பிறகு லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலுள்ளதை வெட்டுவது) 7,000 ஹெர்ட்ஸ் அளவில் போட்டுப் பாருங்கள். சரசரப்பில் மிச்சமிருப்பது பெரும்பாலும் இங்கேயே போய்விடும்.

ட்ரைவ் பெடலில் ட்யூப் ஸ்க்ரீமர் வகையை எடுத்து ட்ரைவைக் குறைத்து லெவலைக் கூட்டுங்கள். அது ஆம்பை முன்னால் தள்ளும், கீழ்ச் சுருதி இறுகும்.

டிலேக்குக் கணக்கு எளிது. 60,000ஐ பாட்டின் டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் மில்லிசெகண்ட் கிடைக்கும். டெம்போ 120 என்றால் 500. டாட்டட் எய்த் டிலே வேண்டுமானால் அதில் முக்கால், அதாவது 375. ரிவெர்பை அறையில் பிடித்த அளவுக்குப் பாதி வைத்தால் மேடைக்குப் போதும், மண்டபமே ஒரு ரிவெர்ப்தான்.

படி 5: பேஸ் வாசிப்பவர்களுக்கு

கிட்டாரின் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பி 41, ஐந்து கம்பி பேஸில் பி கம்பி 31. மேலே சொன்ன 80 ஹெர்ட்ஸ் லோ கட்டை இங்கே போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லோ கட் 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும். கிட்டார் கேபினெட் மாடலும் வேண்டாம். ஆம்பெக் எஸ்விடி (1969இல் வந்த 300 வாட் ஆம்ப், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கேபினெட்டோடு) வகை இருந்தால் அதில் தொடங்குங்கள். கிட்டாருக்கான கருவி மட்டும்தான் கையில் இருக்கிறது, பேஸ் மாடலே இல்லை என்றால் ஆம்பையும் கேபினெட்டையும் ஆஃப் செய்துவிட்டு கம்ப்ரஸர், ஈக்யூ மட்டும் வைத்து நேராக மிக்ஸருக்கு அனுப்பலாம். தாராளமாகப் போதும்.

கம்ப்ரஸரில் ரேஷியோ (எவ்வளவு அழுத்துவது என்ற விகிதம்) 4:1, அட்டாக் (அது அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) சுமார் 30 மில்லிசெகண்ட். அட்டாக்கை மிகக் குறைத்தால் விரல் கம்பியைப் பிடிக்கும் அந்த முதல் அடியே காணாமல் போகும்.

டிஸ்டார்ஷன் போட்டதும் பேஸின் அடி காலியாகிறதா? பேஸ் ட்ரைவ்களில் ப்ளெண்ட் என்று ஒரு நாப் இருக்கும். அதைக் குறைத்துச் சுத்தமான சிக்னலைக் கலந்துகொள்ளுங்கள். இரண்டு பாதை வைக்க முடிகிற கருவியென்றால் இன்னும் நல்லது: ஒரு பாதையில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது சுத்தமாகவும், இன்னொன்றில் அதற்கு மேலிருப்பது ட்ரைவோடும் போகட்டும். நோட்டின் கனமும் இருக்கும், கரகரப்பும் இருக்கும்.

படி 6: சத்தமாக வைத்து மறுபடி கேளுங்கள்

காது குறைந்த சத்தத்தில் கீழ்ச் சுருதியையும் உச்சத்தையும் குறைவாகவே கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரி வீட்டில் மெதுவாக வைத்து பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிச் செய்த பேட்ச், மேடைச் சத்தத்தில் அடி உருண்டு, மேலே காதைக் குத்தும், நடுவில் கிட்டாரையே காணோம். ஒத்திகை அறையில் உரக்க வைத்து ஒருமுறை திருத்துங்கள். மிட்டைத் தொட மனமில்லாதவர்கள் இந்தப் படியில்தான் மாறுகிறார்கள்.

கருவியில் லூப்பர் இருந்தால் நாலு பார் வாசித்துச் சுழலவிடுங்கள், இரண்டு கையும் நாபுக்குக் கிடைக்கும். ஆனால் லூப்பர் வரிசையின் முன்னால் இருக்க வேண்டும். கடைசியில் இருந்தால் ஏற்கெனவே பதிவான சவுண்டுதான் சுற்றும், நாபைத் திருப்பி ஒன்றும் மாறாது.

பேட்ச்களின் சத்தம் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கட்டும். சோலோ பேட்சுக்கு மட்டும் 3 டெசிபல் கூடுதல் வையுங்கள். அதைக் கெயினில் ஏற்றாமல் பேட்ச் லெவலில் ஏற்றுங்கள்.

படி 7: மேடையில்

ஒரே கேபிள் என்றால் எல்/மோனோ ஜாக்கில் செருகுங்கள். ஆர் ஜாக்கில் மட்டும் போட்டால் பிங்-பாங் டிலேயில் (இடமும் வலமும் மாறி மாறி ஒலிப்பது) பாதி காணாமல் போகும். மிக்ஸர் தூரத்தில் இருந்தால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை நீளமான மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வேண்டும். கருவியிலேயே எக்ஸ்எல்ஆர் அவுட் இருந்தால் நேராகக் கொடுக்கலாம், ஆனால் அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபேண்டம் பவரை (மைக்குக்காக மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) அணைத்துவிடச் சொல்லுங்கள். எல்லாக் கருவியும் அதைத் தாங்கும்படி செய்யப்படுவதில்லை. இணைத்ததும் 'ஊம்' வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். சத்தத்தை அடக்குகிறேன் என்று ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம், ஷாக் அடித்தால் கை கம்பி மேலேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து பதிவு செய்ய யுஎஸ்பி கேபிள் போதும். பல கருவிகள் அப்படியே ஆடியோ இன்டர்ஃபேஸாக வேலை செய்யும். சிலவற்றில் எஃபெக்ட் சேர்ந்த சவுண்டோடு வெறும் கிட்டார் சிக்னலையும் தனி ட்ராக்கில் எடுக்கலாம். அந்த வசதி இருந்தால் இரண்டையும் எடுத்து வையுங்கள். வாசிப்பு நன்றாக அமைந்து சவுண்ட் மட்டும் பிடிக்காமல் போனால், வெறும் ட்ராக்கைத் திரும்பக் கருவிக்குள் அனுப்பி வேறு ஆம்ப் மாடலில் எடுத்துக்கொள்ளலாம், மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.