மலையகத்திலிருந்து திருகோணமலைக்கு: இரண்டு நாள் பயணத்தைத் திட்டமிடும் முறை

திருகோணமலைப் பயணத்துக்கு நாள் குறிக்கும் முன் மழைக்காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்து, லயத்துத் தகரக்கூரை இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும் அதே மாதங்களில் கிழக்குக் கரையில் வானம் வெளுத்து, கடல் அடங்கிக் கிடக்கும். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை டிசெம்பரில்தான் வருகிறது என்று அந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். ஆனால் நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் கோணேசர் கோயிலை மட்டும் கும்பிட்டுத் திரும்ப வேண்டியதாகிவிடும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோ ஆகஸ்ட் விடுமுறையோதான் பொருத்தமானது. ஆகஸ்டில் கச்சான் காற்று அனலாக வீசும் என்பதால், குளிர்ப் பிரதேசத்தில் வாழ்ந்து பழகிய நம் பெரியவர்களுக்குப் பருத்தி உடையும், குடையும், போதிய தண்ணீரும் கட்டாயம் வேண்டும்.

வெள்ளி இரவு வேனில் ஏறி, சனி முழுவதும் அலைந்து, அன்றிரவே திரும்புவதுதான் நம் தோட்டங்களில் வழக்கமாக இருக்கிறது. சாரதி இரண்டு இரவு தூங்காமல் ஓட்டும் இந்த முறையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீற்றர் இருக்கிறது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலுள்ள காட்டுப் பாதையில் யானைகள் குறுக்கிடுவதால் அந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடப்பதே நல்லது. ஆகவே அதிகாலையில் புறப்பட்டு, பிற்பகலில் நகரை அடைந்து, ஓர் இரவு தங்குங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் மகியங்கனை, பொலன்னறுவை வழியாகவும் வந்து சேரலாம். வழியில் கந்தளாய்க் குளக்கட்டில் சற்று நில்லுங்கள். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டன் என்னும் மன்னன் அமைத்த குளம் இதுவென்பது தமிழர் மரபு. அவன் பெயரை மறுநாள் காலையில் மீண்டும் சந்திப்பீர்கள்.

முதல் நாள் மாலையை நகருக்கு அருகிலுள்ள கன்னியாவுக்கு ஒதுக்குங்கள். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று சொல்லப்படும் ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள் அங்கே அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறுபடும். கிணற்றில் இறங்க முடியாது, அள்ளித்தான் ஊற்ற வேண்டும். ஆகவே ஒரு சிறு வாளி கையில் இருந்தால் உதவும்.

இரண்டாம் நாள் காலை வெயில் ஏறுமுன் கோணேசர் கோயிலில் நிற்க வேண்டும். நாங்கள் முதல் முறை போனபோது பதினொரு மணியாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த என் அம்மா, சுடுகல்லில் கால் பொரிய, சேலைத் தலைப்பை நான்காக மடித்துப் பாதத்தின் கீழே போட்டு நின்றே கும்பிட்டார். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த நேரக் கணக்கை வலியுறுத்துகிறேன்.

கோயிலுக்குப் போகும் வழி பிரெட்றிக் கோட்டைக்குள்ளாகத்தான் செல்கிறது. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய இத்தலத்தை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினர். பின்னர் அது ஒல்லாந்தரிடமும், 1795இல் ஆங்கிலேயரிடமும் போயிற்று. கோட்டை வாசலை வேனிலேயே கடந்துவிடாமல் இறங்கிப் பாருங்கள். பழைய கோயிலின் கல்லொன்று அங்கே வாசலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதில் மீன் உருவங்களையும், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் (போர்த்துக்கேயர்) பின்னாளில் பிரிப்பார்கள் என்று சொல்லும் தமிழ் வரிகளின் எச்சத்தையும் காணலாம். எழுத்துகள் தேய்ந்திருப்பதால் எல்லாவற்றையும் வாசிக்க முடியாது என்றாலும், பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்க இந்த நகரத்தில் இதைவிடப் பெரிய பொருள் எனக்குத் தெரியவில்லை. கோட்டைக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றி அருகே வரும். பொலித்தீன் பையோடு எதையும் அவற்றுக்கு நீட்ட வேண்டாம். கோட்டையில் இராணுவமும் இருப்பதால் அனுமதியில்லாத பக்கம் படம் எடுக்காதீர்கள்.

மேலே குன்றின் நுனிதான் சுவாமி மலை. மஸ்கெலியாப் பக்கத்துச் சாமிமலையிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பெயரே ஒரு நெருக்கத்தைத் தரும். இன்றுள்ள கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1956இல், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் இந்தப் பாறையின் அடியில் கடலுக்குள் மூழ்கி, இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். கும்பிட்ட பிறகு, பாறையில் செங்குத்தாக விழுந்திருக்கும் பிளவான இராவணன் வெட்டைப் பாருங்கள். பிள்ளைவரம் கேட்டுச் சிறு தொட்டில்கள் கட்டப்பட்ட மரமும் பாறை விளிம்பை ஒட்டியே நிற்கிறது. கீழே செங்குத்தான பள்ளமும் கடலும் இருப்பதால் சிறுவர்களின் கையை விடக்கூடாது.

அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் நிலாவெளி. போகும் வழியில் இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. சில நிமிடங்கள் போதும். நிலாவெளிக் கரையிலிருந்து படகேறினால் ஒரு கிலோமீற்றர் அளவு தொலைவில் புறாமலைத் தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டதால் நுழைவுச்சீட்டும் படகுக் கட்டணமும் தனித்தனியாக இருக்கும். ஏறுமுன் இரண்டையும் கேட்டுத் தெளிந்துகொண்டு, உயிர்காப்பு அங்கி அணியாமல் படகில் கால் வைக்காதீர்கள். பவளப் பாறைகள் உயிருள்ளவை. மிதிப்பதும் உடைத்தெடுப்பதும் கூடாது. நம் பிள்ளைகள் ஆற்றையும் ஓடையையும் அறிந்தவர்களே தவிர, கடலை அறிந்தவர்கள் அல்லர். அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதை முதலிலேயே சொல்லி, முழங்கால் அளவுத் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள்.

நேரம் மிஞ்சினால் கடைத்தெருவில் சுற்றுவதை விட்டு, கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர்ப் பாதையில் போங்கள். நம் மலைகளில் பிறக்கும் கொத்மலை ஓயாவும் நானு ஓயாவும் கலந்த மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் ஓடிவந்து அந்தப் பக்கத்தில்தான், கொட்டியாரக் குடாவில், கடலைச் சேர்கிறது. கொழுந்து மலையை நனைத்த மழைநீர் இவ்வளவு அகலமாக, மண்நிறமாக, சத்தமில்லாமல் நகர்வதைக் கண்ட என் அம்மா, வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, இரு கையாலும் அள்ளி முகம் கழுவினார். ஆற்றைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டோடு திரும்பப் புறப்பட்டால், இருட்டுமுன் ஹபரணைக் காட்டைக் கடந்துவிடலாம்.