பிள்ளையாருக்கு முன் ஒரு தாமரை

மரத்தில் செதுக்கக் கற்க வேண்டும் என்று பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே பிள்ளையார் செய்ய ஆசைப்படுகிறார்கள். உளியின் வாயைத் தீட்டத் தெரியாதவரும், மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கத் தெரியாதவரும் பிடிக்கிற பிள்ளையார் எதில் போய் முடியும் என்பதற்கு நம்மிடம் பழமொழியே இருக்கிறது. வேறு வேலையில் இருந்துகொண்டே, விடுமுறை நாள்களில் ஒரு பெரியவரின் பட்டறையில் பயின்றவன் என்ற முறையில், முதல் மாதத்தை எப்படிச் செலவிட்டால் பயன் இருக்கும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்கே கற்பது என்பது முதற் கேள்வி. தமிழ்நாட்டில் மரச்சிற்பம் இன்றும் குடும்பத் தொழிலாக நடக்கும் ஊர்கள் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி வட்டாரம் முதலியவை. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு அதற்கடுத்த ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள நினைக்கும் இளைஞர்களுக்கு, 1957-இல் தொடங்கப்பட்டு இன்று மாமல்லபுரம் அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தின் பட்டப்படிப்பு இருக்கிறது. என்னைப் போல் நாற்பதைத் தாண்டிய பிறகு உளி பிடிக்க வருகிறவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளும், பட்டறைக்காரர் ஒருவரின் நல்ல மனமுமே வழி. பட்டறைக்குப் போவதென்றால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். தேர்த்திருவிழாவுக்கோ குடமுழுக்குக்கோ சுவாமி வாகன வேலை தலைக்கு மேல் இருக்கும்போது யாருக்கும் கற்பிக்க நேரமிருக்காது.

பணம் கட்டிச் சேரும் வகுப்பானால், சேரும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உளியை யார் தீட்டுவார்கள்? நான் முதன்முதலில் சேர்ந்த ஒருநாள் வகுப்பில், இயந்திரத்தில் பாதி குடைந்து வைத்திருந்த யானை உருவத்தைக் கையில் கொடுத்தார்கள். தீட்டிய உளிகள் வரிசையாக மேசையில் இருந்தன. மாலையில் எல்லோரும் அழகான யானையோடு படமெடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். அடுத்த வாரம் வீட்டில் ஒரு மரத்துண்டை எடுத்து வைத்தபோது எனக்கு எதுவுமே தெரியவில்லை. தீட்டக் கற்பிக்காத வகுப்பில் செதுக்கவும் கற்பிப்பதில்லை என்பது என் முடிவு. ஓர் ஆசிரியருக்கு ஆறு பேருக்கு மேல் இருந்தாலும் யோசித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கை தவறாகப் பிடித்திருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் திருத்த முடியும்.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். அரை அங்குலத்திலும் கால் அங்குலத்திலும் ஒவ்வொரு பட்டையுளி, நகத்தைப் போல வாய் வளைந்த நகவுளி அகலத்தில் ஒன்று, குறுகலில் ஒன்று, கைக்கு அடக்கமான ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), இவை போதும். தொழில் செய்கிறவர்களின் பெட்டியில் முப்பது நாற்பது உளிகள் இருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலைக்கு நடுவே தேவைப்பட்டுச் சேர்ந்தவை. பட்டறையில் மில்லிமீட்டர் கணக்கு அதிகம் புழங்காது. அங்குலத்துக்கு எட்டு நூல். ‘இன்னும் ஒரு நூல் இறக்கு’ என்று ஆசாரி சொன்னால் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு என்று பொருள்.

முதல் வாரம் முழுவதும் தீட்டுவதற்கே போகட்டும். எண்ணெய்க்கல்லில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, உளியின் சரிவான முகம் கல்லோடு படியும்படி வையுங்கள். வாய்ச் சரிவு இருபது முதல் இருபத்தைந்து பாகை இருந்தால் மென்மையான மரத்துக்குச் சரியாக இருக்கும். தேக்கு போன்றவற்றுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். கோணமானி தேவையில்லை. உளியை மெல்லத் தூக்கித் தாழ்த்தும்போது, வாய் கல்லைத் தொடும் அந்தக் கணத்தில் எண்ணெய் வாய்க்கு முன்னால் மெல்லிய கோடாக ஒதுங்கும். அந்த நிலையிலேயே மணிக்கட்டை ஆடவிடாமல் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்தில் மறுபுறம் விரலை வைத்து வாயை நோக்கி வெளிப்பக்கமாக வருடினால் ஒரு பிசிர் தட்டுப்படும். பிசிர் வாயின் முழு அகலத்துக்கும் வந்த பிறகு நுண்ணிய கல்லுக்கு மாறி, கடைசியில் தோல்வாரில் பின்னோக்கி இழுத்து அதை எடுத்துவிட வேண்டும். நகவுளியைத் தீட்டும்போது வளைவு முழுவதும் கல்லில் படும்படி உருட்டிக்கொண்டே தேய்க்க வேண்டும். எனக்கு இது கைவர மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

கூர்மையை விரலில் சோதிக்காதீர்கள். மென்மையான மரத்துண்டு ஒன்றில் நாருக்குக் குறுக்கே ஒரு சீவு சீவினால், வெட்டிய இடம் கண்ணாடி போல் பளபளக்க வேண்டும். அதன் நடுவே வெள்ளையாக ஒரு கீறல் ஓடினால் வாயில் எங்கோ சில்லு விட்டிருக்கிறது. மீண்டும் கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

மரத்தைப் பொறுத்தவரை, பழகுவதற்குக் குமிழ் அல்லது தூங்குமூஞ்சி மரம் போதுமானது. வாகையிலும் நன்றாகச் செதுக்கலாம், ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். தேக்கில் இருக்கும் மணற்சத்து உளியின் வாயை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் முதல் பலகைக்கு அது வேண்டாம். எந்த மரமானாலும் காய்ந்ததாக இருக்கட்டும். ஈரம் இருந்தால் செதுக்கும்போது வெண்ணெய் போல் இருக்கும், பிறகு அலமாரியில் இருந்தபடியே பிளக்கும்.

இனித் தாமரை. ஆறங்குலச் சதுரமும் ஒன்றேகால் அங்குலக் கனமும் உள்ள பலகையை இழைத்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் கோடு இழுங்கள். அவை வெட்டும் புள்ளியில் கவராயத்தை ஊன்றி, இரண்டரை அங்குல ஆரத்தில் வெளிவட்டமும் ஐந்து நூல் ஆரத்தில் நடுப்பொகுட்டும் (பூவின் நடுமேடு) வரையுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால் எட்டுத் திசைகள் கிடைக்கும். கோட்டுக்கு ஓர் இதழ். பலகையைக் காலால் பிடித்துச் செதுக்குவதை ஆசாரியிடம் பார்த்து ரசிக்கலாம், நீங்கள் செய்யக் கூடாது. மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். உளி போகும் பாதைக்கு முன்னால் எந்தக் கையும் இருக்கக் கூடாது.

கோட்டின் மேலேயே உளியை நிறுத்திக் கொட்டாப்புளியால் ஓங்கித் தட்டுவது எல்லோரும் செய்யும் முதல் தவறு. உளி ஆப்பைப் போல் மரத்தை இரண்டு பக்கமும் நெருக்கும். நாருக்குக் குறுக்கே நிற்கும் இதழ்களின் நுனி அப்படியே பெயர்ந்து விழும். முதலில் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் தள்ளிக் குறுகிய நகவுளியால் வாய்க்கால் போல் பள்ளம் எடுங்கள். பிறகு கோட்டில் உளியை நிறுத்தி மெல்ல இறக்கினால், நெருக்கப்படும் மரம் பள்ளத்தின் பக்கமாகப் போய்விடும். இப்படிச் சிறிது சிறிதாக இதழ்களைச் சுற்றியுள்ள தரையை மூன்று நூல் ஆழம் இறக்குங்கள். அகலமான நகவுளியால் நாருக்குக் குறுக்கே எடுத்துவிட்டுப் பட்டையுளியால் சமன் செய்தால் தரை கிழியாது.

இதழ்களைத் திரட்டும் கட்டத்தில்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. ஒரே பலகையில் எட்டு இதழ்கள் இருந்தாலும், நாரோடு ஓடுபவை இரண்டு, குறுக்கே நிற்பவை இரண்டு, சாய்ந்தவை நான்கு. சாய்ந்த இதழின் ஒரு விளிம்பை நுனியிலிருந்து பொகுட்டை நோக்கிச் சீவினால் சுருள் சுருளாக வரும். அதே திசையில் மறு விளிம்பைச் சீவினால் நார் கிளம்பிக் குழி விழும். அந்த விளிம்பைப் பொகுட்டிலிருந்து நுனிக்குச் சீவ வேண்டும். இது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்: நாரோடு போகும் உளி ‘சர்’ரென்று ஒரே ஒலியாக ஓடும், எதிர்த்துப் போகும்போது ‘படபட’வென்று வெடிக்கும். எங்கள் பெரியவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம் வேலையைப் பார்த்தபடியே ‘திருப்பு’ என்பார். ஒலியை வைத்துச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

உப்புத்தாளை உளி வேலை முழுவதும் முடிந்த பிறகே தொடலாம். இடையில் தேய்த்துவிட்டு மறுபடி உளி வைத்தால், மரத்தில் ஒட்டியிருக்கும் மணல் வாயைக் கெடுத்துவிடும். என்னைக் கேட்டால் உளித்தடம் தெரியட்டும் என்றே விடுவேன். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லப் பூசினால் போதும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

இதே தாமரையை மூன்று பலகைகளில் செய்யுங்கள், பின்புறத்தில் தேதியையும் மரத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். மூன்றாவதில் இதழ் நுனி எட்டும் உடையாமல் நின்றால் ஆசிரியரிடம் தாலக்கணக்கைக் கேட்கலாம். அது முக நீளத்தை அலகாகக் கொண்டு உருவத்தின் உயரத்தைப் பகுக்கும் முறை. தால வகைகளில் ஒன்றான உத்தம தச தாலத்தில் உயரம் முழுவதையும் 124 பங்காகப் பிரிப்பார்கள். சுவாமிமலை வெண்கலச் சிற்பிகள் இந்தப் பங்குகளைத் தென்னங்கீற்று நறுக்கில் மடித்து மடித்தே குறித்துக்கொள்கிறார்கள். வீட்டில் கீற்று இல்லாதவர்கள், செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி மடித்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பிள்ளையார் எத்தனை தாலத்தில் அமைவார் என்பதை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டையான திருமேனிக்குக் கணக்கு வேறு.