கடைக்கால் மண்ணை ஒரே குவியலாகக் கொட்டாதீர்கள்

வீடு கட்டக் கடைக்கால் (அஸ்திவாரம்) தோண்டும் குழியிலிருந்து வரும் மண்ணில் மேலே அரை அடி, வேரும் மட்கும் கலந்தது. அது செடிகளுக்குத்தான் ஆகும். தனியே ஒதுக்கச் சொல்லுங்கள்.

அதற்குக் கீழே வருவதில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் நாடா போலத் தள்ளிப் பாருங்கள். 2 அங்குலம் தாண்டியும் அறுந்து விழாமல் நீண்டால் களிமண் அதிகம். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற மண் இது. வீட்டுத் தரைக்கு அடியில் நிரப்பினால் தளம் தூக்கிக்கொள்ளும், விரிசல் விடும். "இருக்கிற மண்ணையே போட்டுக்கலாம்" என்று மேஸ்திரி சொன்னாலும் சம்மதிக்காதீர்கள் (வண்டிச் செலவு மிச்சம் என்று உங்களுக்கும் ஆசை வரும்தான்). விரலில் நறநறவென்று படும் மணலும் சரளையும் கலந்த மண் என்றால் சரி. அதையும் அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும்.

அப்புறம், குழியின் அடியில் செங்கல் துண்டோ பிளாஸ்டிக்கோ தென்பட்டால், அது எப்போதோ கொட்டி நிரப்பிய இடம். வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இன்னும் எவ்வளவு ஆழம் போவது என்பதை மண் பரிசோதனை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.