“சும்மா ஒரு ரூம் பிடிச்சு வச்சிருக்கேன்”: அமெரிக்க வளாக விடுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்தால் போன் வரத் தொடங்கிவிடும். “அக்கா, ஹவுசிங் போர்ட்டல்ல சும்மா ஒரு ரூம் பிடிச்சு வச்சிருக்கேன். வந்து பார்த்துட்டு, வேணாம்னா விட்டுடலாம்ல?” இந்த வருடம் மட்டும் மூன்று பேர் இதையே கேட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆளிடம் பேசிவிட்டு வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

நானும் அப்படிப் பிடித்து வைத்தவள்தான். எம்.எஸ். படிக்கப் போன முதல் வருடம் அதற்கான விலையைக் கொடுத்தேன். பிறகு அதே பல்கலைக்கழக விடுதியில் இரண்டு வருடம் கிராஜுவேட் அசிஸ்டென்டாக, அதாவது படித்துக்கொண்டே, வேலை பார்த்தேன். சாவி கொடுப்பது, அறையைச் சோதிப்பது, அழுதுகொண்டு வருபவர்களிடம் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுவது எல்லாம் என் வேலையாக இருந்தது. கடைசி தேதியைத் தவறவிடாதே, முன்பணம் கட்ட மறக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓட்டல் அறைபோல நினைத்துக் கையெழுத்துப் போடுவது

ஹவுசிங் போர்ட்டல் என்பது விடுதி அறை பிடிக்கும் பல்கலைக்கழக இணையதளம். பார்த்தால் ஓட்டல் முன்பதிவுபோலத்தான் இருக்கும். படம் இருக்கும், கட்டில் இருக்கும், ஒரு பொத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொத்தானை அமுக்கி உங்கள் பெயரைத் தட்டினால் அது கையெழுத்து. பெரும்பாலான இடங்களில் அந்த ஒப்பந்தம் ஒரு முழுக் கல்வியாண்டுக்கானது. ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை ஓடும். செமஸ்டர் வாரியாகப் பில் வருவதால் ஒரு செமஸ்டரோடு விட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் கட்டுவதுதான் இரண்டு தவணை, ஒப்பந்தம் ஒன்றே.

வெளியே வர வழி இல்லையா என்றால், இருக்கிறது. பட்டம் முடிந்தால், படிப்பையே விட்டால், வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் போனால், திருமணம் ஆனால், மருத்துவக் காரணத்துக்குச் சான்று இருந்தால் என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். “ஃபிரெண்ட்ஸோட அபார்ட்மென்ட் கிடைச்சிடுச்சு” என்பதை அப்படி ஒரு பட்டியலில் நான் பார்த்ததில்லை. விசா மறுக்கப்பட்டால் பல இடங்களில் விடுவித்துவிடுவார்கள். ஆனால் அது தானாக நடக்காது. நீங்கள்தான் மறுப்புக் கடிதத்தோடு எழுத வேண்டும்.

என் கதை இது. மே மாதப் பதற்றத்தில் இரண்டு பேர் தங்கும் அறை ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஜூலைக் கடைசியில், வளாகத்துக்கு வெளியே வீடு பார்த்திருந்த மூன்று பெண்கள் நான்காவது ஆள் தேடினார்கள். வாடகை குறைவு, அடுப்படி உண்டு. அதற்கும் கையெழுத்துப் போட்டேன். அது 12 மாத ஒப்பந்தம். நான்கு பேரில் ஒருவர் கொடுக்காவிட்டால் மற்ற மூவரும் சேர்ந்து முழு வாடகைக்கும் பொறுப்பு என்று அதில் இருந்தது. ஆக, அதையும் விட முடியாது. விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ரத்து செய்யும் தேதி எப்போதோ போய்விட்டது என்று நான்கு வரியில் பதில் வந்தது. சாவியே வாங்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

சாவி வாங்காமல் இருப்பது ரத்து ஆகாது. வாடகை என் மாணவர் கணக்கில் ஏறியது, தாமதக் கட்டணமும் சேர்ந்தது. நவம்பரில் அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்ய உட்கார்ந்தால் திரையின் மேலே சிவப்பாக ஒரு வரி. கணக்கில் பாக்கி இருப்பதால் பதிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேர மாணவராகப் பதிவு செய்தாக வேண்டும். இளநிலை என்றால் குறைந்தது 12 கிரெடிட் (பாட அலகு), முதுநிலைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. பதிவு இல்லை என்றால் விசா நிலையே ஆட்டம் காணும். அறை வாடகைப் பாக்கி அங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா நகைக்கடன் வாங்கி அனுப்பினார். அந்த அறையில் நான் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை.

இத்தனை வருடம் கழித்தும் இந்த ஒரு தவறைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பத்து நிமிடம் படித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. பொத்தானை அமுக்கும் முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது ஒன்று. ரத்துக் கட்டணப் பட்டியல் இன்னொன்று. எந்த நாள்வரை முன்பணம் மட்டும் போகும், எந்த நாளுக்குப் பிறகு வாடகையே போகும் என்று அதில் இருக்கும். அந்தத் தேதிகளைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாவது, வாடகையோடு சேர்ந்து வேறு எதெல்லாம் வரும் என்பது. சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொன்னதை வைத்துப் பிறகு முறையிட முடியாது. விடுதியா, வெளியே வீடா என்று முடிவு செய்துவிட்டு ஒரே ஓர் இடத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? ஒப்பந்த விடுவிப்புக்கு விண்ணப்பம் இருக்கும், இன்றே போடுங்கள். சூழ்நிலை மாறியதற்கான காகிதம் எதுவாக இருந்தாலும் இணையுங்கள். வேலை பார்த்த காலத்தில் நான் பார்த்தது: முதலிலேயே சொன்னவர்களுக்கு ஏதோ ஒரு வழி பிறந்தது, நவம்பரில் வந்தவர்களுக்குப் பிறக்கவில்லை.

கட்டாயம் யாருக்கு என்று பார்க்காமல் விடுவது

இளநிலை படிக்க வருபவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் வளாகத்தில் தங்குவது விதி. யேலிலும் கார்னெலிலும் முதல் இரண்டு வருடம், டியூக்கில் மூன்று வருடம். வான்டர்பில்ட் பொதுவாக இளநிலைக் காலம் முழுவதும் வளாகத்திலேயே இருக்கச் சொல்கிறது. முதல் வருடம் மட்டும் என்று வைத்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களும் நிறைய. விலக்கு உண்டு. பெற்றோர் வீட்டிலிருந்து வருபவர், திருமணமானவர், குறிப்பிட்ட வயதைக் கடந்தவர் என்று இருக்கும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஒரு தம்பி, சித்தப்பா வீடு காரில் 20 நிமிடம்தானே என்று விடுதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விதியில் ‘பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர்’ என்று இருந்தது. சித்தப்பா இரண்டிலும் வரவில்லை. கடைசியில் யாரும் எடுக்காமல் மிச்சமிருந்த, மூன்று பேரை நெருக்கிப் போட்ட அறைதான் கிடைத்தது.

எம்.எஸ். மாணவர்களுக்கு இது தலைகீழ். கட்டாயமும் இல்லை, பல இடங்களில் போதுமான அறையும் இல்லை. அட்மிஷன் கிடைத்தால் விடுதியும் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

டிசம்பரில் கதவு திறக்காது

பல விடுதிகளைக் குளிர்கால விடுமுறையில் மூடிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பர், கடைசித் தேர்வுக்கு மறுநாள் மாலை. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி வாசலில் நின்று அடையாள அட்டையை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கே எரிந்தது. மூடும் அறிவிப்பு மூன்று முறை மின்னஞ்சலில் போயிருக்கிறது, அவள் திறக்கவில்லை. கையில் மளிகைப் பை, உடம்பில் மெல்லிய ஸ்வெட்டர், வெளியே பனி. அன்று உள்ளே விட்டுப் பெட்டியை எடுக்க வைத்தேன், அதற்குமேல் எனக்கு அதிகாரம் இல்லை. அபார்ட்மென்ட் வகை விடுதிகள் பெரும்பாலும் விடுமுறையிலும் திறந்திருக்கும். ஊருக்குப் போகாதவர்கள் விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

மீல் பிளானை மறந்து வாடகையை ஒப்பிடுவது

அடுப்படி இல்லாத விடுதி என்றால் பெரும்பாலும் மீல் பிளானும், அதாவது வளாக உணவகத்துக்கு முன்கூட்டியே கட்டும் சாப்பாட்டுத் திட்டமும், கட்டாயம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

குக்கரும் ஊதுபத்தியும்

ஊரிலிருந்து கொண்டுவரும் மின்சாரக் குக்கர் 230 வோல்ட்டுக்கானது. அங்கே 120 வோல்ட்தான். அது கிடக்கட்டும், சூடாகும் சாதனங்களையே அறைக்குள் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை. ஊதுபத்தி, விளக்கு, மெழுகுவத்தி எல்லாம் தடை. வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு பத்தி ஏற்றியதில் புகை அலாரம் அடித்து, ஐந்து மாடியும் காலி செய்யப்பட்டு, ஈரத் தலையோடு எல்லோரும் வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஏற்றிய பெண் வேண்டிக்கொண்டது அன்றைய தேர்வுக்காக. அபராதக் கடிதமும் அன்றே வந்தது.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

டெக்சாஸில் 22 வயதுக்குக் குறைந்த புது மாணவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை வகுப்பு தொடங்க 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். வேறு பல இடங்களில் விடுதியில் தங்குபவர்களுக்கு அது நிபந்தனை. விமானம் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

சாவி வாங்கிய அன்று படம் எடுக்காதது

மெத்தையைத் தூக்கி அடியில் பாருங்கள். மேசை இழுப்பறை, ஜன்னல் வலை, கம்பளத்தில் கறை என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அறை நிலைப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதாத கீறல் மே மாதம் உங்கள் கணக்கில் வரும்.

உதவித்தொகையில் அறை வந்தால் வரி இல்லை என்று நினைப்பது

கல்விக் கட்டணத்துக்கான பகுதிக்கு வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் வரும் பகுதிக்கு உண்டு. எஃப்-1 மாணவர்களுக்கு அதில் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள்.

அறை மாறிவிட்டுச் சொல்லாமல் இருப்பது

அடுத்த கட்டடத்துக்கு மாறினாலும் முகவரி மாற்றம்தான். 10 நாளுக்குள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.